நகர்வின் கணிதம் கண்ட சோஃபஸ் லீ

அரிசியைக் களைந்து உலையில் இடுவதும் உலையில் இட்டபின் களைய முற்படுவதும் ஒன்றாகா. செயல்கள் இரண்டேயாயினும் வரிசை மாறினால் விளைவு மாறிவிடுகிறது. எண்களைக் கூட்டுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்றுடன் ஐந்தைக் கூட்டினாலும் ஐந்துடன் மூன்றைக் கூட்டினாலும் கிடைப்பது எட்டே. நகர்வுகளின் உலகமோ எண்களைப் பின்பற்றுவதில்லை. மேசைமீது கிடக்கும் பாடநூலை முதலில் வலப்புறமாகக் கால்வட்டம் திருப்பி, பின்னர் அதன் எதிர்விளிம்பைத் தூக்கி நிமிர்த்தினால், நூல் தன் பக்கவாட்டு விளிம்பின்மேல் நிற்கும். முதலில் நிமிர்த்தி, பின்னர் வலப்புறம் திருப்பினால், அடிவிளிம்பின்மேல் நிற்கும். அணிகளின் பெருக்கலைக் கற்றோர் இவ்வுண்மையை வேறொரு கோலத்தில் முன்பே கண்டிருப்பர்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிழையென்று ஒதுக்காமல், அதனையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டவர் நார்வே நாட்டுக் கணித அறிஞர் சோஃபஸ் லீ. அந்த வேறுபாட்டுக்குள் ஒரு புதிய திசை ஒளிந்திருப்பதை அவர் கண்டார். விண்கலத்தைத் திருப்புவோரும் எந்திரக் கையை இயக்குவோரும் இன்று அவர் பெயரைச் சொல்லியே தம் கணக்குகளைத் தொடங்குகின்றனர்.

பாதிரியாரின் மகன்

மாரியுஸ் சோஃபஸ் லீ, 1842ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், நார்வேயின் மேற்குக் கடற்கரைப் பகுதியிலுள்ள நூர்ஃபியூர்டைட் என்னும் ஊரில் பிறந்தார். மலைகளுக்கிடையே கடல் நெடுந்தொலைவு உட்புகுந்து கிடக்கும் நிலப்பகுதி அது. தந்தை லுத்தரன் திருச்சபையின் பாதிரியார். ஆறு குழந்தைகளுள் சோஃபஸ் கடைக்குட்டி. பின்னர்த் தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் மோஸ் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. மேற்கல்விக்காகச் சிறுவன் தலைநகரான கிறித்தியானியாவுக்கு அனுப்பப்பட்டான். இன்று ஒஸ்லோ என வழங்கப்படுவது அந்நகரமே.

நெடிய உடலும் மிகுந்த வலிமையும் வாய்ந்த அவ்விளைஞருக்குப் படைத்துறையில் சேர வேண்டும் என்பதே விருப்பம். பார்வைக் குறைபாடு அதற்குத் தடையாயிற்று. வேறு வழியின்றிப் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கும் எந்தத் துறையிலும் மனம் ஊன்றவில்லை. 1862ஆம் ஆண்டளவில் லுட்விக் சீலோ என்னும் அறிஞர், பிரான்சு நாட்டு இளங்கணிதர் கால்வாவின் சமன்பாட்டுக் கொள்கையை விளக்கி உரைகள் நிகழ்த்தினார். அவற்றை லீயும் கேட்டார். கேட்டதன் பயன் விளைவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று. 1865இல் பட்டம் பெற்றபோது, கணிதமே தம் வாழ்வு என்று எண்ணுவதற்குரிய அறிகுறி எதுவும் அவரிடம் இல்லை. தனி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார்; வானியல் குறித்துப் பொழிவுகள் நிகழ்த்தினார்; எதிர்காலம் குறித்த கலக்கத்தால் மனச்சோர்வும் உற்றார்.

நடப்பது ஒன்றே அவருக்கு அந்நாளில் மாறாத மகிழ்ச்சி. ஒரு நூலை எடுத்துவருவதற்காகத் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோசுக்கு நடந்தே சென்று, நடந்தே திரும்பினார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. இத்தகைய செய்திகளில் சற்று மிகை கலந்திருத்தல் இயல்பு. ஆயினும் அவர் நடையின் வேகத்தையும் தொலைவையும் அறிந்த நண்பர்களுக்கு இது வியப்பைத் தந்திராது.

திருப்பம் 1868இல் நேர்ந்தது. போன்செலே, புளூக்கர் ஆகியோரின் வடிவியல் நூல்கள் அவர் கைக்குக் கிட்டின. புள்ளிகளால் மட்டுமே வெளி ஆக்கப்பட்டுள்ளது என்று கொள்ள வேண்டியதில்லை. கோடுகளையோ கோளங்களையோ அடிப்படை உறுப்புகளாகக் கொண்டும் வெளியை எண்ணலாம் என்னும் புளூக்கரின் கருத்து அவரை ஆட்கொண்டது. 26 அகவையில் கணிதத்தைக் கண்டடைந்த அவர், அடுத்த ஆண்டே தம் முதல் கட்டுரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். உள்நாட்டு அறிஞர்கள் தயங்கி நின்றபோது, பெர்லினின் புகழ்பெற்ற கணித இதழ் அதனை ஏற்று வெளியிட்டது. அதன் பயனாக வெளிநாடு செல்லப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையும் கிட்டியது.

நட்பும் சிறையும்

1869ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பெர்லினில் லீ சந்தித்த இளைஞர் ஃபெலிக்ஸ் கிளைன். லீயைவிட ஆறரை ஆண்டு இளையவர், புளூக்கரின் மாணவர். கணிதத்தை எண்ணும் முறையில் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாயினர். லீ படிமங்களாகக் கண்டதைக் கிளைன் ஒழுங்குபடுத்திச் சொல்ல வல்லவர். 1870இன் வேனில் தொடக்கத்தில் இருவரும் பாரிசு சென்று அடுத்தடுத்த அறைகளில் தங்கினர். காமில் ஜோர்டான், காஸ்தோன் டார்பூ ஆகிய பிரெஞ்சு அறிஞர்களோடு பழகினர். குலங்கள் பற்றிய ஜோர்டானின் பெருநூல் அவ்வாண்டுதான் வெளிவந்திருந்தது.

சூலைத் திங்களின் ஒரு காலைப்பொழுது. வெளியே புறப்பட்ட கிளைனைப் படுக்கையிலிருந்தவாறே லீ தம் அறைக்குள் அழைத்தார். வெளியிலுள்ள நேர்கோடுகளைக் கோளங்களாக மாற்றும் ஓர் உருமாற்றம் இரவில் தமக்குப் புலப்பட்டதை விளக்கினார். வெவ்வேறெனக் கருதப்பட்ட இரண்டு வடிவியல்கள் அந்த உருமாற்றத்தால் ஒன்றாயின.

அம்மாதமே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரஷ்யக் குடிமகனான கிளைன் உடனே நாடு திரும்பினார். லீ இத்தாலிக்கு நடந்தே செல்லத் துணிந்தார். பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ என்னுமிடத்தில் காவலர்கள் அவரைப் பிடித்தனர். உயர்ந்த உருவம், அயலாரின் பேச்சு, பையில் செருமானிய மொழியில் எழுதப்பட்ட மடல்கள், மடல்களிலோ கோடுகளும் கோளங்களும் விளங்காக் குறியீடுகளும். போர்க்காலத்தில் ஒருவரை ஒற்றரென ஐயுற இதற்குமேல் என்ன வேண்டும்? கணிதக் குறிப்புகள் படை நகர்வு பற்றிய மறைமொழியாகக் கொள்ளப்பட்டன. ஏறத்தாழ நான்கு வாரங்கள் அவர் சிறையிலிருந்தார். டார்பூ தலையிட்டு உண்மையை உணர்த்திய பின்னரே விடுதலை கிடைத்தது. அடைபட்ட நாள்களை லீ வீணாக்கவில்லை. முனைவர்ப் பட்ட ஆய்வுக்குரிய கருத்துகள் அங்கேதான் உருப்பெற்றன. வெளிவந்ததும் இத்தாலிக்கே சென்றார். பிறகு செருமனியில் கிளைனைக் கண்டுவிட்டு ஆண்டிறுதியில் தாயகம் சேர்ந்தார்.

1872இல் நார்வே நாடாளுமன்றம் அவருக்கென்றே கிறித்தியானியாவில் ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியது. 1874இல் அன்னா பிர்க் என்னும் மங்கையை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். தம் ஆசிரியர் சீலோவுடன் இணைந்து, இளமையிலேயே மறைந்த நார்வேயின் கணிதமேதை ஏபெலின் நூல்தொகுதியைச் செம்மைப்படுத்தும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். 1881இல் அத்தொகுதி வெளிவந்தது.

நுண்ணிய நகர்வுகள்

1873ஆம் ஆண்டின் இறுதியில், லீ தம் வாழ்நாள் பணியைத் தொடங்கினார். சீலோவிடம் கேட்ட கால்வாவின் கொள்கை இப்போது கிளைத்தெழுந்தது. இயற்கணிதச் சமன்பாட்டின் மூலங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றும் முறைகளை ஒரு தொகுதியாகத் திரட்டி, அத்தொகுதியின் அமைப்பிலிருந்தே சமன்பாட்டைத் தீர்க்க முடியுமா என்று கூறியவர் கால்வா. அத்தகைய தொகுதிக்குக் குலம் என்று பெயர். குலத்தின் இரு உறுப்புகளை அடுத்தடுத்துச் செய்தால் கிடைப்பதும் குலத்தின் உறுப்பே. ஒவ்வோர் உறுப்பையும் நீக்கிப் பழைய நிலைக்கு மீட்கும் மற்றோர் உறுப்பும் அதில் உண்டு. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் இவ்வாறு ஒரு கொள்கை வேண்டும் என்பது லீயின் அவா. அவற்றைத் தீர்ப்பதற்கு அந்நாளில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல உத்திகள் வழங்கின. சமன்பாட்டை மாற்றாமல் விட்டுவைக்கும் உருமாற்றங்களைக் கண்டறிந்தால் அவ்வுத்திகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை அவர் காட்டினார்.

கால்வாவின் இடமாற்றங்கள் எண்ணி முடிக்கத்தக்கவை. லீ எடுத்துக்கொண்ட உருமாற்றங்களோ தொடர்ச்சியானவை. ஒரு சக்கரத்தை 30 பாகை திருப்பலாம். 31 பாகை திருப்பலாம். இடைப்பட்ட எந்த அளவும் திருப்பலாம். முடிவிலியாய் விரியும் இத்தகைய குலத்தை எவ்வாறு கையாள்வது? பெரிய நகர்வுகளை விட்டுவிட்டு மிக நுண்ணிய நகர்வுகளைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கண்ட விடை. பந்து ஒன்றைத் திருப்பும் வழிகள் எண்ணிலடங்கா. ஆனால், மூன்று அச்சுகளைச் சுற்றிய மூன்று நுண்திருப்பங்களை அறிந்தால் அவையனைத்தையும் ஆக்கிக்கொள்ளலாம். வளைந்து கிடக்கும் குலத்தை, அதன் ஒரு புள்ளியருகே தட்டையாக்கிப் பார்க்கும் முறை இது. அவ்வாறு பெறப்படும் நுண்ணகர்வுகளின் தொகுதியே இன்று லீ இயற்கணிதம் எனப்படுகிறது.

இங்கேதான் வரிசை பற்றிய வினா மீண்டும் எழுகிறது. இதனைச் சக்கர நாற்காலி ஒன்றைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அந்நாற்காலி நேராக முன்னும் பின்னும் செல்லும். நின்ற இடத்திலேயே இடமும் வலமும் திரும்பும். பக்கவாட்டில் மட்டும் நகராது. சக்கரங்கள் அதற்கு இடந்தரா. இப்போது நான்கு செயல்களைச் செய்வோம். ஒரு மீட்டர் முன்னே செல்க. 10 பாகை இடப்புறம் திரும்புக. ஒரு மீட்டர் பின்னே வருக. 10 பாகை வலப்புறம் திரும்புக. முன்னே சென்ற அளவே பின்னே வந்தாயிற்று. இடப்புறம் திரும்பிய அளவே வலப்புறமும் திரும்பியாயிற்று. தொடங்கிய இடத்திலேயே நாற்காலி நிற்க வேண்டும் என்று தோன்றும். நிற்பதில்லை. பழைய திசையையே நோக்கியவாறு, ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வலப்புறம் விலகி நிற்கும். முன்புறமும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

அளவுகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர், ஒரு பாகை என நான்கு செயல்களையும் செய்தால், வலப்புற விலகல் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர், நூறில் ஒரு பங்கு. முன்புற நகர்வோ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி ஒரு தலைமயிரின் தடிமனுக்கும் கீழே போய்விடும். செயல்கள் நுண்ணியவையாக ஆக ஆக, எஞ்சி நிற்பது பக்கவாட்டு நகர்வு மட்டுமே. நேர்செலவும் திருப்பமும் தனித்தனியே தராத ஒரு திசையை, அவற்றின் வரிசை வேறுபாடு தந்துவிடுகிறது. இரு நுண்ணகர்வுகளிலிருந்து மூன்றாவதைப் பெறும் இச்செயலுக்குக் கணிதர்கள் லீ அடைப்பு என்று பெயரிட்டுள்ளனர். நுண்ணகர்வுகளின் அடைப்புகளை அறிந்தால், ஒரு புள்ளியைச் சூழ்ந்த பகுதியில் குலத்தின் அமைப்பு முழுவதும் தெளிவாகும் என்பதே லீ நிறுவிய பெருங்கொள்கை.

கேளாத செவிகள்

இத்தகைய கண்டுபிடிப்புக்கு உடனடி வரவேற்பு இல்லை. லீயின் கட்டுரைகள் பெரும்பாலும் நார்வேயின் இதழ்களிலேயே வெளிவந்தன. 1876இல் அவரே நண்பர்களுடன் ஓர் இதழையும் தொடங்கியிருந்தார். வேகமாக எழுதுவார், படிமங்களாக எண்ணுவார், படிக்கட்டுகளை வாசகர் தாமே அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். பெர்லின் அறிஞர்கள் இலக்கணச் செம்மையோடு கூடிய நிறுவல்களையே மதித்த காலம் அது. அவர் சொல்வது சரியா என்று ஆராயும் அளவுக்குக்கூட அதனைப் படித்தோர் சிலரே. குற்றம் ஒருபக்கம் மட்டும் இருந்ததாகக் கூற இயலாது.

கிளைனும் அவர் நண்பர் மாயரும் இக்குறையை உணர்ந்து, 1884இல் ஃபிரீட்ரிக் எங்கெல் என்னும் இளைஞரைக் கிறித்தியானியாவுக்கு அனுப்பினர். அவருக்கு அப்போது 22 அகவை. முற்பகலிலும் பிற்பகலிலும் என நாள்தோறும் இருமுறை இருவரும் சந்திப்பர். லீ ஒவ்வோர் அதிகாரத்தின் எலும்புக்கூட்டைச் சொல்ல, எங்கெல் அதற்குச் சதை சேர்ப்பார். ஒன்பது மாத உழைப்பில் அடிப்படை அமைந்தது. உருமாற்றக் குலங்களின் கொள்கை என்னும் அப்பெருநூல் 1888, 1890, 1893ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. லீயின் சிந்தனையை உலகம் படிக்கத்தக்கதாக ஆக்கியதில் எங்கெலுக்குரிய பங்கு பெரிது. பெயரில் பாதி அவருக்குக் கிட்டாமற்போனது கணித வரலாற்றின் பழைய பழக்கம்.

1886இல் கிளைன் கோட்டிங்கன் சென்றதால் காலியான லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு லீ அழைக்கப்பட்டார். மனைவி மக்களோடு அங்குச் சென்றார். பிரான்சிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அவரை நாடி வந்தனர். ஆயினும் பாடச்சுமை மிகுதி, அயல்மொழி, மலையும் கடலும் இல்லாத சமவெளி. தாயக ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. 1889இன் இறுதியில் உறக்கமின்மையும் கடும் மனத்தளர்ச்சியும் தாக்க, அனோவர் நகருக்கு அருகிலுள்ள மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது ஆராய்ச்சி வன்மை குறையவில்லை. ஆனால் மனிதர்களிடம் கொண்ட நம்பிக்கை குறைந்திருந்தது. தம் கருத்துகளைப் பிறர் தமதாக்கிக்கொள்கின்றனர் என்னும் ஐயம் அவரை வாட்டியது.

அந்த ஐயம் இறுதியில் கிளைனையே தீண்டியது. குலங்களைக்கொண்டு வடிவியல்களை வகைப்படுத்தலாம் என்னும் புகழ்பெற்ற அறிக்கையைக் கிளைன் 1872இல் எர்லாங்கனில் எழுதினார். அது உருவான நாள்களில் லீ அங்கே அவருடன் தங்கியிருந்தார். இருவரும் நாள்தோறும் உரையாடினர். இருபது ஆண்டுகள் கழித்து அவ்வறிக்கை மீண்டும் அச்சேறத் தொடங்கியபோது, அதில் எது யாருடையது என்னும் வினா முளைத்தது. 1893இல் வெளியான மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் லீ தாம் கிளைனின் மாணவர் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். உண்மை அதற்கு நேர்மாறானதற்கே நெருக்கமானது என்னும் பொருள்படவும் எழுதினார். லீ அடைப்புகளின் உலகத்தை வகைப்படுத்தும் அரும்பணியைத் தனியே செய்துகொண்டிருந்த வில்ஹெல்ம் கில்லிங் என்பாரும் அவருடைய கடுஞ்சொல்லுக்குத் தப்பவில்லை. பாரிசின் அடுத்தடுத்த அறைகளில் பிறந்த கருத்துகளைப் பின்னாளில் அளவுகோல் வைத்துப் பங்கிடுதல் எளிதன்று. லீயின் மனக்குறையில் உண்மை சிறிதும் இல்லை எனல் இயலாது. எனினும், தம் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவக் காரணமானவரை, அதுவும் கணிதநூலின் முன்னுரையில் தாக்கியது நேர்மையாகாது. செருமானியக் கணிதர்கள் பலர் அதிர்ந்து விலகினர். எங்கெலுக்கும் அதனால் இன்னல் விளைந்தது.

கிளைன் எதிர்த்து எழுதவில்லை. ருசியாவின் கசான் நகரத்தார் லோபசெவ்ஸ்கி பெயரில் நிறுவிய பரிசை முதன்முறையாக யாருக்கு வழங்குவது என்று 1897இல் ஆராய்ந்தபோது, கிளைனிடம் மதிப்புரை கேட்டனர். லீயின் அந்த மூன்றாம் தொகுதியையே, முன்னுரையில் தம்மைத் தாக்கிய அதே நூலையே, பரிசுக்குரியதெனக் கிளைன் பாராட்டி எழுதினார். பரிசு லீக்குக் கிடைத்தது.

தாயகம் திரும்பல்

நார்வேயில் அவரைத் திரும்ப அழைக்கும் முயற்சி தொடர்ந்து நடந்து வந்தது. 1894இல் நாடாளுமன்றம் மீண்டும் அவருக்கெனத் தனிப்பதவி ஒன்றை ஏற்படுத்தியது. 1898ஆம் ஆண்டு செப்டம்பரில் லீ கிறித்தியானியா வந்து சேர்ந்தார். மலைகளில் நடந்த கால்கள் அப்போது தளர்ந்திருந்தன. கொடிய இரத்தச்சோகை நோய் உடலை அரித்துவிட்டது. அந்நோய்க்கு மருந்து கண்டறியப்படுவதற்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1899 பிப்ரவரி 18ஆம் நாள், தம் 56ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

இறுதிக் காலத்தில் அவர் மேற்கொண்ட பணி ஒன்று உண்டு. 1902இல் ஏபெலின் நூற்றாண்டு வரவிருந்தது. அதனையொட்டி ஏபெல் பெயரில் ஒரு பன்னாட்டுக் கணிதப் பரிசு நிறுவ வேண்டுமெனப் பல நாட்டு அறிஞர்களுக்கு மடல் எழுதி ஆதரவு திரட்டினார். ஆதரவு அவர் ஒருவரை நம்பி வந்தது. அவர் மறைந்ததும் முயற்சி தளர்ந்தது. நார்வே, சுவீடன் நாடுகளின் இணைப்பு 1905இல் முறிந்தபோது முற்றிலும் நின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே நார்வே அரசு அதனை நிறைவேற்றியது. 2003முதல் வழங்கப்பட்டுவரும் ஏபெல் பரிசை 2007இல் பெற்றவர் சென்னையில் பிறந்த கணிதர் எஸ். ஆர். எஸ். வரதன்.

லீயிடம் மனவருத்தம் கொள்ள எங்கெலுக்குக் காரணங்கள் இருந்தன. ஆயினும், சிதறிக்கிடந்த லீயின் கட்டுரைகளைத் திரட்டிக் குறிப்புரையோடு பதிப்பிக்கும் பணியை அவரே ஏற்றார். அத்தொகுதிகள் 1922முதல் வெளிவரத் தொடங்கி ஏழாக முடிந்தன.

எங்கும் செல்ல முடியுமா?

லீ தம் கொள்கையை எந்திரங்களுக்காகப் படைக்கவில்லை. வானூர்தியே பறக்காத காலத்தில் மறைந்தவர் அவர். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பொறியாளர்கள் ஓர் எளிய வினாவை எழுப்பினர். நம் கையில் சில இயக்கங்கள் மட்டுமே உள்ளன. அவற்றை மாற்றி மாற்றிச் செய்து, ஓர் அமைப்பை எந்த நிலையிலிருந்தும் விரும்பிய எந்த நிலைக்கும் கொண்டுசெல்ல இயலுமா? இயலுமாயின் அவ்வமைப்பைக் கட்டுப்படுதிறன் உடையது என்பர்.

சக்கர நாற்காலியின் நிலையைக் கூற மூன்று எண்கள் வேண்டும்: கிழக்குமேற்கில் எவ்வளவு, வடக்குதெற்கில் எவ்வளவு, எத்திசையை நோக்கி நிற்கிறது. கையிலுள்ள இயக்கங்களோ இரண்டு. ஆயினும் அவற்றின் அடைப்பு மூன்றாவதைத் தந்துவிடுவதால் எந்நிலையும் எட்டத்தக்கதே. கையிலுள்ள நகர்வுகளும் அவற்றிலிருந்து அடைப்புகளால் பிறப்பவையும் சேர்ந்து எல்லாத் திசைகளையும் நிரப்பினால் எங்கும் செல்லலாம் என்னும் பொதுத் தேற்றத்தைச் சோவியத்து அறிஞர் ரஷெவ்ஸ்கி 1938இலும், சீன அறிஞர் சௌ 1939இலும் தனித்தனியே நிறுவினர். நகர்வுகள் ஒவ்வொன்றையும் பின்னோக்கியும் செய்ய முடிய வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பொதுவாக இதனைச் சரிபார்த்தல் பெரும்பாடு. திசைகள் இடத்துக்கிடம் மாறும்; ஒவ்வோர் இடத்திலும் கணக்கிட வேண்டும். சக்கர நாற்காலிக்கு அந்தத் தொல்லை இல்லை. வாசலருகே நின்றாலும் அறையின் மூலையில் நின்றாலும், கிழக்கு நோக்கினாலும் மேற்கு நோக்கினாலும், அமர்ந்திருப்பவருக்கு முன்செல்வது முன்செல்வதே, திரும்புவது திரும்புவதே. இடம் மாறினாலும் இயக்கத்தின் இயல்பு மாறாத இத்தகைய அமைப்புகளை மாறாநிலை அமைப்புகள் என்பர். ஓரிடத்தில் அடைப்புகளைக் கணக்கிட்டால் போதும். எல்லா இடத்துக்கும் அதுவே விடை. நிலைகளின் தொகுதியே ஒரு லீ குலமாக அமைவதால் விளையும் நன்மை இது. விண்வெளியில் திரும்பும் செயற்கைக்கோளுக்கும் இது பொருந்தும். அதன் மூன்று அச்சுகளுள் ஒன்றைச் சுற்றித் திருப்பும் வாய்ப்பு இல்லாவிடினும், மற்ற இரண்டையும் வரிசை மாற்றி இயக்கி மூன்றாம் திருப்பத்தைப் பெறலாம்.

1972இல் ரோஜர் பிராக்கெட் ஒரு கட்டுரையாலும், வெலிமிர் யூர்ஜெவிச், ஹெக்டர் சுஸ்மன் ஆகிய இருவரும் சேர்ந்து மற்றொரு கட்டுரையாலும் இத்துறைக்கு அடித்தளமிட்டனர். அவர்கள் எதிர்கொண்ட கடினமான நிலை ஒன்றுண்டு. நம் விருப்பத்தைக் கேளாமல் தானாகவே நிகழ்ந்துகொண்டிருக்கும் நகர்வை என் செய்வது? சுழன்றுகொண்டே இருக்கும் கோளைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாது. அடைப்பைப் பெறும் நான்கு செயல்களுள் இரண்டு பின்னோக்கியவை ஆயிற்றே! இதற்கு அவர்கள் கண்ட விடை குலத்தின் வடிவத்திலேயே இருந்தது. இடப்புறம் மட்டுமே திரும்பவல்ல நாற்காலியும் 10 பாகை வலப்புறம் திரும்பலாம். இடப்புறமாக 350 பாகை சென்றால் போதும். சுழற்சிகளின் குலம் தனக்குள் முடிந்து மூடியிருப்பது. அத்தகைய குலத்தில் முன்னோக்கியே சென்றுகொண்டிருந்தாலும் தொடங்கிய நிலையின் அருகே மீண்டும் வந்தே தீர வேண்டும். ஆதலால் பின்னோக்கிய நகர்வுக்கு ஈடாக முன்னோக்கிய நெடுஞ்சுற்று ஒன்று கிடைத்துவிடும். அங்கே லீயின் அடைப்புகள் எல்லாத் திசைகளையும் நிரப்புகின்றனவா என்று பார்ப்பதே போதுமானது. முடிவின்றி நீளும் நேர்கோட்டில் முன்னோக்கி மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்த வாய்ப்பு இல்லை. எத்தனை தொலைவு ஓடினும் அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. மூடிய குலங்களுக்கும் மூடாத குலங்களுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு இன்றும் ஆராயப்பட்டு வருகிறது.